கால் எடுக்கிற வளைவு

இன்னும் நான்கு வண்டிகள் போனால் பாப்பாவின் முறை. நூல்காரர் வரிசையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். மலைச்சாலையை அன்று காலை மட்டும் பந்தயத்துக்காக மூடியிருந்தார்கள். பழைய சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும், நேரம் குறிப்பார்கள். வரிசையில் ஐந்தாவதாக நின்ற இரண்டு சீட்டு வெள்ளைக் காருக்குள் அவருடைய அக்கா மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவள், வீட்டில் மட்டும் இன்னும் பாப்பாதான்.

நூல்காரர் என்பது தொழிலில் ஒட்டிக்கொண்ட பெயர். வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டிச் சக்கரங்களை நேராக்குவார். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசு வைத்து எதன் மேல் எவ்வளவு பாரம் என்று பார்ப்பார். அப்போது ஓட்டுகிறவர் எடைக்குச் சரியாக மணல் மூட்டையைச் சீட்டில் உட்கார வைத்துவிடுவார். “ஆள் இல்லாம வண்டிய நிறுக்கிறது, மாப்பிள்ளை இல்லாம கோட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி” என்பார். ஒரே பட்டறையில் பின்பாதி அவருடையது. முன்பாதி அத்தானுடையது, அதாவது அக்காவின் கணவர். எஞ்சின் வேலை. அந்த மனிதருக்குச் சாமி பூதம் எல்லாமே குதிரைசக்திதான். “பவர் இருந்தாப் போதும் மாப்ள, மத்ததெல்லாம் தானா பின்னால வரும்.”

வெள்ளைக் காரில் முதலில் இருந்தது நாலு சிலிண்டர் எஞ்சின். சாது. நேர்சாலையில் யார் வேண்டுமானாலும் அதை முந்தலாம், வளைவில் ஒருத்தராலும் முடியாது. திருப்ப வேண்டும் என்று நினைப்பதற்குள் திரும்பியிருக்கும். பாப்பா அதில்தான் ஓட்டிப் பழகினாள். வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுப்பாள், வண்டியின் மூக்கு சமர்த்தாக உள்ளே வளையும். யோசித்துச் செய்வதில்லை, கண் இமைப்பதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

போன மாதம் அத்தான் அதில் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வைத்தார். தொண்ணூறு கிலோ கூடுதல், அத்தனையும் மூக்கில். வண்டிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. முதல் ஓட்டத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் உனக்கும் எனக்கும் என்ன பேச்சு என்று நேரே போனது. அத்தான் இறங்கி வந்து, “என்ன மாப்ள, எஞ்சின் பாரமோ?” என்று கேட்டார். முழங்கால் ஆபரேஷன் ஆன மனிதர் ஏழு மாதம் குனிந்து செய்த வேலை. ஆமாம் என்று சொல்லவேண்டிய வாய், “டயர்ல காத்து சரியில்ல அத்தான்” என்றது. அந்தப் பாழாய்ப்போன வாயை இப்போது நினைத்தாலும் அவருக்கு ஆத்திரம் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கப் பின்சக்கரங்களுக்கு நடுவே ஒரு கம்பி உண்டு. அத்தான் இல்லாத மத்தியானத்தில் அதைக் கழற்றிவிட்டுப் பெருவிரல் தடிமனில் வேறொன்றைப் போட்டார். பின்பக்கம் விறைத்தால் வால் சீக்கிரம் நழுவும், வால் நழுவினால் மூக்கு திரும்புவதுபோலத் தோன்றும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. ஆனால் அத்தான் மிதித்த காலை எடுக்காத ஜாதி. மிதித்திருக்கும்வரை பாரம் பின்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும், குட்டு வெளிப்படாது. “பாத்தியா, பவர்!” என்று அத்தான் தொடையைத் தட்டினார். நூல்காரரும் சிரித்துவைத்தார்.

இன்று காலை அத்தானுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. “நீ ஓட்டு பாப்பா” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஒத்திகை ஓட்டம் முடித்து அவள் சிரித்த முகமாகத்தான் இறங்கினாள். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று நூல்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அவள் காலை எடுக்கிறவள் ஆயிற்றே. எடுத்த நொடியில் பாரமெல்லாம் மூக்குக்கு ஓடும், லேசான வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். இரண்டாவது வளைவின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச்சுவர் இருந்தது. அதைத் தாண்டினால் பள்ளம்.

மூன்றாவது வண்டி போனது, நான்காவதும் போனது. கொடிக்காரர் பாப்பாவை முன்னால் வரச் சொன்னார். நூல்காரர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடிப் பல வருடமாகியிருந்தது.

“நிறுத்துங்க! ஒரு நட்டு பாக்கணும்.”

“ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல போனா உங்க நம்பர் போச்சு” என்றார் கொடிக்காரர்.

அத்தான் நொண்டிக்கொண்டே வந்தார். “என்ன மாப்ள, கடைசி நேரத்துல?”

நூல்காரர் அதற்குள் காருக்குப் பின்னால் மல்லாந்து படுத்திருந்தார். முகத்தைப் பார்த்தபடி சொல்ல அவருக்குத் தைரியமில்லை. வண்டியின் அடியிலிருந்தே சொன்னார்.

“எஞ்சின் பாரம்தான் அத்தான். அன்னைக்கு நான் சொன்னது பொய். அத மறைக்கத்தான் பின்னால தடிக்கம்பி போட்டேன். பாப்பா வளைவுல கால எடுத்தா வால் சுத்திரும்.”

ஸ்பானர் கை வேர்வையில் வழுக்கியது. பிறகு பாப்பாவின் குரல் வந்தது.

“காலைலயே ஒருவாட்டி வீசுச்சு மாமா. சுவர் பக்கத்துல. எப்படியோ பிடிச்சிட்டேன்.”

“அடிப்பாவி! ஏன்டி சொல்லல?” என்றார் அத்தான்.

“இறங்கி வந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன்ப்பா. எப்படி இருக்குன்னு கேட்டீங்க. நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேன்.”

நட்டு கழன்றது. தடிக்கம்பியின் ஒரு முனை தொங்கியது, ஒரு முனை விட்டாலே அதற்கு வேலையில்லை. ஆனால் தொங்குவதைக் கட்ட வேண்டும், அவருக்கு மூன்றாவது கை இல்லை. “அத்தான், இதப் பிடிங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அவருடைய முழங்கால் நினைவு வந்தது. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சரிந்து, கையை உள்ளே விட்டுக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். நூல்காரர் சட்டைப்பையிலிருந்த கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றினார்.

“பாப்பா, இனிமே மூக்கு திரும்பாது, அடம்பிடிக்கும். வளைவுக்கு முன்னாலயே, நேரா இருக்கும்போதே, பிரேக்கப் பிடிச்சு வேகத்தக் கொறச்சிடு. நடுவுல கால் தானா வந்துட்டாலும் வால் வராது” என்றார் நூல்காரர்.

வராது என்றுதான் நினைத்தார். இப்படிக் கம்பி இல்லாமல் அந்த வண்டியை அவர் ஒரு நாளும் தராசில் ஏற்றியதில்லை.

“வேணாம்டா கண்ணு. இறங்கிடு” என்றார் அத்தான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். “இப்பதான்ப்பா வண்டி எப்படின்னு எனக்கு முழுசா தெரியும். மெதுவாப் போயிட்டு வரேன்” என்று சொல்லி ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாள். கொடி விழுந்தது.

ஆறு சிலிண்டரும் மலையே அதிரக் கிளம்பின. முதல் வளைவைக் கடந்ததும் கார் மரங்களுக்குள் மறைந்தது, இனி காதுதான் கண். நூல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சத்தம் ஏறியது, ஏறியது, ஒரு இடத்தில் சட்டென்று இறங்கியது. பிரேக்கா, கால் எடுத்ததா, சுவருக்கு முன்பா, சுவருக்குப் பக்கத்திலா, கீழே நிற்கிறவருக்கு என்ன தெரியும். அவர் திரும்பிப் பார்த்தார். அத்தான் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். கிரீஸ் அப்பிய இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.