சாதாரண பெட்ரோல் போதும்

அவளிடமிருந்து யாரும் அவ்வளவு சுலபமாகப் பதில் வாங்கிவிட முடியாது. "டீ குடிக்கிறியா?" என்று கேட்டால்கூட, அது எத்தனை மணிக்கு, பால் எப்படி, காலையிலிருந்து எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது என்று ஆரம்பிப்பாள். படகு இன்ஜின்களைப் பிரித்துக் கட்டுகிறவளுக்கு இந்தக் குணம் நல்லதுதான். சிலிண்டர் ஹெட்டின் குழிக்குள் எவ்வளவு திரவம் பிடிக்கிறது என்று சொட்டுச் சொட்டாக அளக்க, ஆய்வகங்களில் இருக்கும் நீளக் கண்ணாடிக் குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிவாள். ஏரிக்கரையில் அவள் பெயரே 'பியூரெட்' என்றாகிவிட்டது.

அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னாள். வினை அங்கேதான் பிடித்தது.

கேட்டது அவளுடைய அக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு படகு வாங்கி, "இதுல சூப்பர்சார்ஜர் மாட்டிக் குடுடி, பறக்கணும்" என்று தங்கையிடம் ஒப்படைத்திருந்தாள். படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, படகுத்துறையில் பெட்ரோல் பம்ப்காரரும் மற்றவர்களும் சூழ்ந்து நிற்க, அக்கா குரலை உயர்த்தினாள்.

"இதுக்கு என்ன பெட்ரோல் போடணும்? இவ சொன்னா சரியா இருக்கும்."

சின்ன வயதிலிருந்து எல்லாவற்றிலும் சரியாக இருந்தவள் அக்கா. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் தங்கைக்குத் தலை சற்றுக் கிறுகிறுத்துவிட்டது.

"சாதாரண பெட்ரோல் போதும்க்கா" என்றாள்.

கணக்கு இதுதான். பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது கம்ப்ரெஷன் விகிதம். சூப்பர்சார்ஜர் காற்றை முன்கூட்டியே அமுக்கித் திணித்து அனுப்புவதால் பிஸ்டன் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நெருக்கினால், சாதாரண பெட்ரோல் தாங்காமல் தானாகவே வெடிக்கும். பிஸ்டனில் ஓட்டை விழும். காருக்காவது மேடு முடிந்தால் இறக்கம் வரும். படகுக்குப் போகிற வழி முழுக்க மேடுதான். அதனால்தான் அவள் விகிதத்தை எட்டிலேயே நிறுத்தியிருந்தாள்.

நிறுத்தியிருந்ததாக நினைத்தாள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். பிஸ்டன் அரிபட ஆரம்பித்திருக்கிறது. அவள் முதலில் பெட்ரோலைச் சந்தேகித்தாள். பிறகு பம்ப்காரரை. பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, தட்பவெப்பத்தை. கடைசியில் வேறு ஆள் கிடைக்காமல் பிளக் ஓட்டை வழியாக எண்ணெயை ஊற்றி அளந்தாள். நிரம்ப வேண்டிய அளவுக்கு வெகு முன்னாலேயே எண்ணெய் ததும்பி வழிந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஹெட்டை அளந்தது கடைசல் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னால். பட்டறைக்காரர் போனில், "ரொம்ப வளைஞ்சிருந்துச்சும்மா, கொஞ்சம் தாராளமாவே சீவிட்டேன்" என்று சொன்னார். இவளும் "சரி சரி" என்றாள். சீவினால் குழி சிறுக்கும். குழி சிறுத்தால் விகிதம் ஏறும். ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள் மறுபடி அளக்கவில்லை. எட்டு என்று நினைத்தது ஒன்பதைத் தாண்டி நின்றது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் கிளம்பினாள். பாதி வழியில், அக்காவைப் பதற்றப்படுத்துவது நியாயமா என்று ஒரு யோசனை வந்தது. தன் கோழைத்தனம் எப்போதும் இப்படி அடுத்தவர் மேல் அக்கறை என்கிற வேஷத்தில்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து உட்காரவைத்து உபசரிப்பாள்.

ஆக, சொல்வதற்குப் பதிலாக, பந்தயப் படகுகளுக்கு ஊற்றும் உயர்ரக பெட்ரோலைக் கேன்களில் வாங்கி, விடிகாலையில் யாருக்கும் தெரியாமல் அக்காவின் டேங்கை நிரப்பத் தொடங்கினாள். அது எத்தனை நெருக்கினாலும் தாங்கும். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கில் புள்ளி கூடவில்லை. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அக்கா பம்புக்குப் போகும்போதெல்லாம் டேங்க் முக்கால்வாசி நிறைந்தே இருந்தது.

"பெட்ரோலே குடிக்க மாட்டேங்குதுடி!" என்று அக்கா பூரித்தாள். "முள்ளு இறங்கவே இல்ல!"

ஏரி முழுக்கச் செய்தி பரவியது. பறக்கிறது, சாதாரண பெட்ரோல், அதிலும் ஒரு வாய்தான் குடிக்கிறது. பம்ப்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இயற்கை விதிகளை மீறிய பெண்ணாக அவள் கரையில் நடமாடினாள். மீறவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஒரு நாள், ஏரியில் படகு வைத்திருந்த பல் டாக்டர் ஒருவர் அவள் பட்டறைக்கு வந்தார். "அதே மாதிரி எனக்கும் ஒண்ணு கட்டிக் குடும்மா." கூடவே அக்காவும் வந்திருந்தாள், முகமெல்லாம் பெருமையாக.

"சனிக்கிழமை அக்கரைக்குப் போறேன்" என்றாள் அக்கா. "அங்கேயே பெட்ரோல் போட்டுட்டு மறுநாள் ஃபுல் ஸ்பீடுல திரும்பி வந்துருவேன்."

அக்கரையில் இருக்கும் பம்புக்கு இவளால் கேன் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நடு ஏரியில் பிஸ்டன் ஓட்டையாகி, அக்கா தனியாக மிதப்பது கண்முன் வந்தது. பல் டாக்டர் போகட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் வேறு அக்கறை ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும்.

"அக்கா, நான் தப்பா அளந்துட்டேன். விகிதம் ஜாஸ்தியாயிடுச்சு. சாதாரண பெட்ரோல் போட்டு முடுக்கினா இன்ஜின் போயிடும். இத்தனை நாளா விடியக்காலைல வந்து நான்தான் ரேஸ் பெட்ரோல் ஊத்திட்டிருந்தேன்."

அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்ப, அது குடிக்காம ஓடினது?"

"நல்லாவே குடிச்சுதுக்கா. அண்டா அண்டாவா."

"அடிப்பாவி! நான் ஏரி முழுக்கச் சொல்லிட்டேனேடி!"

"நான் வீட்டுலயே சொல்லிட்டேன்" என்றார் பல் டாக்டர் ஈனக்குரலில். அவரைக் கவனிப்பார் யாருமில்லை.

"இவ சொன்னா சரியா இருக்கும்னு சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள் அக்கா. தங்கை எதிர்பார்த்துப் பயந்த வாக்கியம் அதேதான். அது வந்த பிறகும் சுவர் சுவராகவும், ஸ்பேனர்கள் மாட்டிய இடத்திலும்தான் இருந்தன.

"இப்ப போகலாமா, கூடாதா? நேரா சொல்லு."

"போகலாம். லீவரைப் பாதிக்கு மேல தள்ளாதே. அதுவரைக்கும் சூப்பர்சார்ஜர் பெருசா காத்தைத் திணிக்காது, எந்தப் பெட்ரோலும் தாங்கும்."

"பாதியா? அக்கரைல எல்லாரும் பாக்க?"

"பாதிதான்."

அக்கா எழுந்து போய்விட்டாள்.

ஞாயிறு மாலை தங்கை படகுத்துறையில் நின்றாள். அக்கா எதிலும் பாதியில் நின்றவள் இல்லை. அதிலும் தப்பாக அளந்தவளின் பேச்சைக் கேட்டு எதற்கு நிற்க வேண்டும்? காதைத் தீட்டிக்கொண்டு, தொலைவில் சூப்பர்சார்ஜரின் ஊளைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்கவில்லை. இன்ஜின் போய்விட்டது என்றே முடிவு கட்டினாள்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. அக்காவின் படகு ஊர்ந்துகொண்டிருந்தது. இன்னும் நெருங்கியதும், படகுத்துறைக்கு அருகே வேகத்தைக் குறைத்த அக்காவை, இரண்டு குழந்தைகளோடு ஒரு பெடல் படகு தாண்டிப் போயிற்று. குழந்தைகள் கையாட்டின. அக்காவின் முகம் கடுகு போட்டால் வெடிக்கும்போல் இருந்தது. லீவரைப் பிடித்த கை மட்டும் அதை முன்னால் தள்ளவே இல்லை.

"என்னம்மா, இன்ஜின் போச்சா?" என்றார் பம்ப்காரர், நம்பிக்கையோடு.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப இனிமே உங்கக்கா எங்கிட்ட பெட்ரோல் போடுவாங்கல்ல?" என்பதுதான் அவர் கவலை.

அக்கா கயிற்றை வீசினாள். அது தங்கையின் முகத்துக்குக் குறிவைத்து வந்த மாதிரிதான் இருந்தது.

"பெடல் படகுடி" என்றாள் அக்கா. "பெடல் படகு என்னைத் தாண்டிப் போகுது. இன்ஜினை எப்ப பிரிக்கப்போறே?"

"நாளைக்கே. தலை குழிஞ்ச பிஸ்டன் போட்டு விகிதத்தை எட்டுக்கே இறக்கிடறேன். ஃபுல் ஸ்பீடு முன்ன மாதிரி இருக்காது, கொஞ்சம் குறையும்."

"எவ்வளவு குறையும்?"

அவள் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"பெடல் படகைவிட வேகமாத்தான் போகும்க்கா."