வீடு கேட்டுப் போன நாள்

தலைநகர் அம்மானில் வேலை கிடைத்ததிலிருந்து நான் சித்தி வீட்டில்தான் இருந்தேன். சித்தி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், நான் படுத்திருந்த அறை புதுப்பெண்ணுக்கு என்று ஆகிவிட்டது. சித்தி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. சுவருக்குச் சாயம் பூச ஆள் வந்தபோது நானாகவே புரிந்துகொண்டேன்.

தனியாக வீடு எடுக்கலாமா என்று அப்பாவைத் தொலைபேசியில் கேட்டேன். மறுமுனையில் ஆடுகள் கத்துவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அப்பா சொன்னார்: "நான் வந்து பாக்குறேம்மா. சரியா இருந்தா இரு. இல்லேன்னா அன்னைக்கே பெட்டியத் தூக்கிக்கிட்டு என்கூட தஃபீலா பஸ் ஏறு."

அப்பா சொன்னால் சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் எனக்கு வேலை. அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்பது அந்த ஒரு நாளில் முடிவாக வேண்டும்.

சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் அப்பா இறங்கினார். கையில் ஒரு டின் ஒலிவ எண்ணெய், தோளில் காய்ந்த தயிர்க்கட்டி மூட்டை. "இவ்வளவு எதுக்குப்பா?" என்றேன். "உன் சித்திக்கு" என்றார்.

தரகர் சொன்ன வீடு தாஜ் குன்றின் மேல் இருந்தது. சொந்தக்காரர் அபூ சுஹைப் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். மேல்மாடி வீட்டை அவரே திறந்துகாட்டினார். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. சமையலறை ஜன்னல் வழியாக எதிர்க் குன்றின் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போவது தெரிந்தது. கட்டிலை எங்கே போடுவது என்று நான் அப்போதே மனத்துக்குள் தீர்மானித்துவிட்டேன்.

அப்பா குழாய்களைத் திறந்து மூடினார். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்த்தார்.

"தண்ணி என்னைக்கு விடறாங்க?"

"செவ்வாய்க்கிழமை. மாடியில உங்களுக்குன்னு ரெண்டு தொட்டி இருக்கு."

அப்பா மொட்டைமாடிக்குப் போய் இரண்டு தொட்டிகளையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்திலிருந்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வாங்க, காப்பி குடிச்சிக்கிட்டே பேசலாம்" என்று அபூ சுஹைப் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். கூஜாவிலிருந்து சின்னக் கோப்பையில் கசப்புக் காப்பியை ஊற்றி அப்பாவிடம் நீட்டினார். எங்கள் வழக்கப்படி அப்பாவை அவருடைய மூத்த மகன் பெயரைச் சேர்த்து அழைத்தார்.

"பசங்க எத்தனை பேரு, அபூ லைத்? ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு. தரகர் சொன்னாரு, தஃபீலாவுலேருந்து நல்ல குடும்பம்னு."

"குடும்பம் ஊர்லதான் இருக்கும்" என்றார் அப்பா. "இங்க இருக்கப்போறது என் மகள் அரீஜ் மட்டும்தான்."

அபூ சுஹைப் கூஜாவைக் கீழே வைத்தார். தரகர் மீது வந்த கோபத்தை விழுங்குவது தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு என் பொண்ணு மாதிரி. ஆனா இந்தக் கட்டடத்துல எல்லாமே குடும்பங்க. தனியா ஒரு பொண்ணுன்னா... வேலை என்ன நேரம்மா?"

"வாரத்துல ரெண்டு நாள் மாலை ஷிப்டு" என்றேன். "வீடு வர பத்து மணி ஆகும்."

"பாத்தீங்களா! பத்து மணிக்குப் படியேறி வந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. வேண்டாங்க. இது சரிவராது."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்பா மரியாதைக்காகக் காப்பியைக் குடிப்பார், நன்றி சொல்வார், நாங்கள் எழுந்து போவோம். சித்தி வீட்டில் என் பெட்டி கட்டின மாதிரியேதான் இருந்தது. அப்பா கோப்பையை வாயருகே கொண்டுபோனார். மீசையைக்கூடத் தொட்டிருக்கும். பிறகு அதைத் திரும்ப இறக்கி, ஒரு சொட்டும் குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்டுப் போகிற பெரியவர்கள்தான் அப்படி வைப்பார்கள். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால்தான் கோப்பையைக் கையில் எடுப்பார்கள். குடிக்காமல் எழுந்துபோனால் அந்த வீட்டுக்கே அவமானம்.

அபூ சுஹைப் கோப்பையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"அட என்னய்யா இது! வாடகை வீட்டுக்குப் போயா கோப்பையைக் கீழ வைப்பாங்க?"

"என் மகளை ஒரு வீட்டுல விட்டுட்டுப் போகப்போறேன்" என்றார் அப்பா. "இதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?"

"என் சொந்தப் பொண்ணைக் கேட்டு வந்தவங்ககூட என்னை இப்படி மடக்கலையே!"

உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "காப்பி ஆறுது!"

"நீ சும்மா இரு, உம்மு சுஹைப்."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? காப்பி போட்டது நான். விருந்தாளி தொடாம எழுந்துபோனான்னு தெரு முழுக்கப் பேசினா, பக்கத்து வீட்டுக்காரி முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"பத்து மணிக்கு வருவாளாம்!"

"வரட்டுமே. பத்து மணிக்கு நீதான் குறட்டை விடுற. நான் சீரியல் பாத்துக்கிட்டு முழிச்சுத்தான் இருக்கேன். யாராவது ஏதாவது பேசினா என்கிட்ட அனுப்பு."

அபூ சுஹைப் இரண்டு கைகளையும் தொப்பென்று முழங்காலில் போட்டார்.

"குடிங்க, அபூ லைத். வந்த காரியம் நல்லபடியா முடிஞ்சுது."

அப்பா ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். "இனி வாடகையைப் பத்திக் கொஞ்சம்..."

"அதுக்கும் ஒரு கோப்பையைக் கீழ வச்சீங்கன்னா, வீட்டை உங்களுக்கே எழுதிக்குடுத்துட்டு நான் ஓடிருவேன்!"

அப்பா சிரித்தார். அன்று முதல் தடவையாக.

சாவியை வாங்கிக்கொண்டு மேலே ஏறும்போது கேட்டேன். "நீங்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றார் அப்பா, மூச்சு வாங்கியபடி. "அந்த ஆளு முந்திக்கிட்டான். என் மகளை வேண்டாம்னு சொல்ல அவன் யாரு?"

வெறும் தரையில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போட்டோம். எடுத்தவுடனே அம்மா, "என்ன ஆச்சு?" என்றாள். அப்பா நடந்ததைச் சொன்னார். கோப்பையைக் கீழே வைத்த இடம் வந்ததும் அம்மா, "நெசமாவா!" என்றாள். அவர் குடித்த இடத்துக்கு வந்ததும் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டே நீளமாக ஒரு குலவை விட்டாள். அப்பா போனைக் காதிலிருந்து தள்ளிப்பிடித்தார்.

அந்தக் குலவை தஃபீலாவில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. அப்பா ஊர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். எண்ணெய் டின்னும் தயிர்க்கட்டி மூட்டையும் என் சமையலறையில்தான் இருந்தன. சித்தி பெயரை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வாசலில் என் தலையில் கைவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

நான் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டினேன். போன் அடிக்க ஆரம்பித்தது. பெரியப்பா மகன் வாழ்த்தினான். பள்ளிக்கூடத் தோழி அழுதாள், முதலில் தன்னிடம் சொல்லவில்லையாம். கடைசியில் அப்பாவின் அக்கா ஃபௌஸா அத்தை.

"கள்ளி! ஒரு வார்த்தை சொன்னியா? உங்கம்மா குலவை விடறா, எங்களுக்கு ஒண்ணுமே தெரியல. மாப்பிள்ளை யாருடி?"

"மாப்பிள்ளை இல்ல, அத்தை. வீடு. வாடகைக்கு வீடு கிடைச்சிருக்கு."

"வீடா? வீட்டுக்கா குலவை?"

"ஆமா அத்தை."

"நீ மட்டுமா இருப்ப?"

"நான் மட்டும்தான்."

அத்தை யோசித்தாள். அவள் பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் ஏதோ கேட்பதும், அவள் "சும்மா இருங்கடி" என்று அதட்டுவதும் கேட்டது.

"வெயில் வருமா?"

"காலையில சமையல்கட்டுல நல்லா விழும், அத்தை."

"சரி. வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் வந்து பாக்குறோம். பெரிய சட்டி இருக்கா? இல்லேன்னா அதையும் தூக்கிக்கிட்டு வரணும்."

என்னிடம் ஒரு கரண்டிகூட இல்லை. "எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க அத்தை" என்றேன். "என் வீட்டுக்கு வாங்க."