சோடியம் இரண்டு பேர்

மலாயாவில், ரந்தாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் ரசாயனம் படித்தவன் நான் ஒருவன்தான். சிரம்பான் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் படித்தது. அதை வைத்துக்கொண்டு கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதை 1934-இல் தெரிந்துகொண்டேன்.

மரத்தில் எடுத்த ரப்பர் பால் ஸ்டோருக்கு வந்து சேருமுன் திரிந்துவிடாமலிருக்க, சோடியம் சல்பைட் என்ற உப்பைக் கரைத்துக் கொஞ்சம் ஊற்றுவோம். கரைப்பவன் மாயாண்டி. அந்த வருடம் தலைமை ஆபீஸ் பூர்த்தி செய்து தரச் சொல்லிப் புதுப் பாரம் ஒன்றை அனுப்பியது. உப்பின் மோல் கணக்கு ஒரு கட்டத்தில்; கரைந்தபின் பிரியும் அயனிகளின் கணக்கு தனித்தனிக் கட்டங்களில். மாயாண்டியின் கரைசலில் லிட்டருக்கு நூற்றிருபத்தாறு கிராம் இருந்தது. சரியாக ஒரு மோல். சோடியம் இரண்டு, சல்பைட் ஒன்று என்று எழுதி, அழகாகக் கோடும் போட்டுப் பெரிய துரையிடம் கொண்டுபோனேன்.

துரை பதினாலு வருடமாகத் தினமும் விடியலில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுகிறவர். உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது மூன்றா? இல்லாத ஆளுக்குப் பேர் போட்டுக் கூலி எடுக்கிற கிராணிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் மிச்ச இரண்டு பேரையும் காட்டு, இல்லாவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பு என்றார். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை கரைசல் வாளியையே பெரட்டில் நிறுத்தச் சொன்னார். நூற்றெண்பது பேர் கொட்டாவியோடு பார்த்து நிற்க, நான் பேர் கூப்பிட்டேன். முதல் சோடியம். பதில் இல்லை. இரண்டாம் சோடியம். அதுவும் இல்லை. சல்பைட் என்றதும் மாயாண்டி என்மேல் இரக்கப்பட்டு "இருக்கேங்க" என்றான். அதற்காக அவனுடைய அரைநாள் கூலியைத் துரை வெட்டினார். சோடியம் இருவரும் வரவில்லை என்று குறித்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வேலை போகிற பயம் வேறு. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தொரை, லயத்துல பதினாலாம் நம்பரு ஒரே வீடுதான். காலையில கதவத் தொறந்தா மாயாண்டி ஒருத்தன், மங்கம்மா, மயிலம்மான்னு பெண்டாட்டி ரெண்டு பேரு. ஒரு வீடு, மூணு தலை. உப்பும் அப்படித்தான்."

துரையைத் தவிர எஸ்டேட் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. அவர் மாயாண்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மெல்லத் தலையாட்டினார். புரிந்துவிட்டது. என் வேலை பிழைத்தது.

அப்புறம்தான் ஒரு வீட்டில் இரண்டு பெண்டாட்டி கூடாது என்று அவருக்குத் தோன்றியது. மத்தியானத்துக்குள் மயிலம்மாளைப் பெட்டி படுக்கையோடு லாரியில் ஏற்றிக் கோலா பிலாப் பக்கத்து டிவிஷனுக்கு அனுப்பிவிட்டார். என் பாரத்தையும் விடவில்லை. சோடியம் இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினார். ஓரத்தில், 'ஒருவர் மாற்றலாகிப் போனார்.' கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். வெட்கமாக இருந்தது. போட்டேன்.

சாயங்காலம் ஸ்டோரில் மாயாண்டி வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் என்மேல் கோபப்படவே இல்லை, அதுதான் சுட்டது.

"கிராணியாரே, இந்தத் தண்ணிய அடுப்புல வச்சு வத்த விட்டா, பிரிஞ்சதெல்லாம் மறுபடி ஒண்ணாச் சேராதா?"

சேரும். அதையும் படித்திருக்கிறேன். ஆனால் துரை காது கேட்கும் தூரத்தில் நின்றிருந்தார். சேராது என்று சொல்லிவிட்டேன்.