ம. 5

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பில் பால் வைத்தான். இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி இரண்டு கறுப்புக் கோட்டுகளைத் தேய்த்தான். இரண்டாவது கோட்டின் கையைத் தேய்க்கும்போதுதான் அதைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பாதியில் விட மனமில்லாமல் முழுக்கத் தேய்த்து மாட்டினான். மாமியார் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அவர் வக்கீல், மருமகன் அவருக்கு ஜூனியர். இரண்டு வருடத்துக்கு முன் பிரசவத்தில் அவன் மனைவியும் பிள்ளையும் ஒருசேரப் போனார்கள். பையன். அன்றிலிருந்து அவன் கோர்ட்டில் வாய் திறந்ததில்லை. வழக்குக் கட்டுத் தூக்குவான், கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுப்பான், அவ்வளவுதான். மாமியார் பேசு என்று வற்புறுத்தவில்லை. வீட்டைவிட்டுப் போகவும் விடவில்லை. நான்கு பெண்களைப் பெற்று, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, மருமகன்கள் நால்வரையும் ஒரே பார்வையில் உட்கார வைத்தவர் அவர். அந்த வீட்டில் அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

காலைப் பூசை ஒருநாளும் தவறியதில்லை. கோர்ட்டு வராந்தாவில் செபமாலை உருட்டிக்கொண்டே நடப்பார். "தீர்ப்ப மேலயே வாங்கிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று மற்ற வக்கீல்கள் சீண்டுவார்கள். "மேல போனா அப்புறம் அப்பீல் இல்ல தம்பி. அதான் அங்க முதல்லயே சொல்லி வைக்கிறேன்" என்பார். உள்ளே போனால் பூனை போல் உட்கார்ந்திருந்து, புலி போல் எழுவார்.

அவர் விட்டுப்போன வழக்கு ஒரு தையல்காரியுடையது. புருஷன் செத்ததும் அவன் தம்பி வந்து, இவள் என் அண்ணன் பெண்டாட்டியே இல்லை, துணி தைக்க வந்தவள் வீட்டில் ஒட்டிக்கொண்டாள், காலி செய்யச் சொல்லுங்கள் என்று வழக்குப் போட்டிருந்தான். கல்யாணம் நடந்த ஊரில் கோயில் பதிவேடுகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களும் உயிரோடு இல்லை. தம்பிக்காரனைக் குறுக்கு விசாரணை செய்ய இன்றுதான் கடைசி நாள். சாவுக்காக ஒரு வாய்தா கொடுத்தாயிற்று, இனி கிடையாது என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்று தோற்றால் தையல்காரி தெருவில் நிற்பாள்.

கட்டின் கடைசித் தாளில் மாமியார் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். 'கொழுந்தன் குறுக்கு விசாரணை: ம. 5.'

ம. என்றால் மனு. கட்டில் இருந்ததோ நான்கு மனுக்கள். ஐந்தாவதைத் தேடி ஒன்பது நாளாக பீரோவைக் கவிழ்க்காத குறை. அப்படி ஒன்று போட்டதாக கோர்ட்டு ஆபீசிலும் பதிவில்லை.

எட்டு மணிக்கு மூத்த மகள் வந்தாள். நினைவுப் பூசைக்கு அச்சடிக்கும் அட்டையின் மாதிரி அவள் கையில் இருந்தது. படத்துக்குக் கீழே, 'இறுதி மொழி: இயேசு, மரி, சூசை' என்று போட்டிருந்தது. சாகும்போது பக்கத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான். அம்மா என்ன சொன்னார்கள் என்று அன்று நான்கு பக்கமும் கேட்டபோது, அவர்களாகவே ஒன்றைச் சொல்ல, அவன் தலையாட்டியிருந்தான்.

"அத ஒருதரம் பாத்துச் சொல்லுங்க தம்பி. அச்சுல ஏறிட்டா மாத்த முடியாது" என்றாள்.

அவன் பார்க்கவில்லை. கட்டைப் புரட்டிக்கொண்டே, அந்த வரியைக் காட்டி, இப்படி ஒரு மனுவை இங்கே எங்காவது பார்த்தீர்களா என்று கேட்டான். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். பிறகு சிரித்தாள். ஒன்பது நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"செபமாலைய விட்டு எவ்வளவு நாளாச்சு? இது மனு இல்ல தம்பி. மகிழ்ச்சி."

செபமாலை உருட்டும்போது தியானிக்கும் மகிழ்ச்சி மறைபொருள்கள் ஐந்து. ஐந்தாவது: காணாமற்போன சிறுவன் இயேசுவைக் கோயிலில் கண்டடைந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஸ்கூட்டர் பறந்தது. பின்னால் கட்டையும் கோட்டையும் கட்டிப்பிடித்தபடி மூத்த மகள், சிக்னலில் நின்ற நேரமெல்லாம் வாய்விட்டு செபம் சொன்னாள். சிவப்பு விழுந்தால் அருள் நிறைந்த மரியே, பச்சை விழுந்தால் ஆமென். பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் தானும் சிலுவை போட்டுக்கொண்டார்.

மாமியார் தினமும் பூசைக்குப் போன கோயிலில், அதன் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை விளக்குத்தண்டு துடைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும், கேட்காமலே, அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"அம்மா நகல் கேட்டாங்க. பங்குச் சாமியார் கையெழுத்தும் வாங்கி வச்சிட்டேன். வாங்கத்தான் வரல."

ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கம். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. கொழுந்தனின் மகனுடையது. ஞானத்தந்தை, செத்துப்போன அண்ணன். ஞானத்தாய் என்ற இடத்தில் தையல்காரியின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் 'மேற்படியார் மனைவி'. அடியில் குழந்தையின் தகப்பன் கையெழுத்து, வால் நீட்டிய எழுத்தில், தெளிவாக.

அவன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. சாகும் அன்று காலை மாமியார் கண்ணைத் திறந்து, "பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டிருந்தார். பிறக்கும்போதே போன தன் பிள்ளையைக் கேட்கிறார், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தான். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

"நேரமாச்சு தம்பி" என்றாள் மூத்தவள்.

பத்தே முக்காலுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து நின்றான். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஊமை எழுந்திருக்கிறானே என்பது போல் பார்த்தார். தையல்காரி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவன் உறையைக் கட்டின்மேல் கவிழ்த்து வைத்தான்.

"உங்க பையன் நல்லா இருக்கானா?"

கூண்டில் நின்ற கொழுந்தன் இதை எதிர்பார்க்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. எந்தத் தகப்பனுக்கும் மலரும். நன்றாக இருக்கிறான், ஏழாவது படிக்கிறான், கணக்கில் புலி என்றான்.

"ஞானஸ்நானத்துக்கு அவனை யார் கையில ஏந்தி நின்னாங்க?"

"எங்க அண்ணனும் அண்ணி..."

வாய் அப்படியே நின்றது. மூன்று வருட வழக்கில் அந்த வாய் 'அந்தப் பொம்பள' என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. நீதிபதி தட்டச்சுக்காரரிடம், "அண்ணி. அப்படியே அடிங்க" என்றார். அதற்குப் பிறகுதான் அவன் நகலை நீட்டினான். கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டான். அதற்கு ஆமென்று சொல்வதைத் தவிர கொழுந்தனுக்கு வழியிருக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மறு விசாரணை இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

வராந்தாவில் தையல்காரி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தீர்ப்பு இன்னும் வரவேண்டும் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அந்தக் கோட்டு ஒரு தோளில் தொங்குகிறது, கொடுங்கள், இப்போதே பிடித்துத் தருகிறேன் என்று நின்றாள். குனிந்து பார்த்தான். அவசரத்தில் மூத்தவள் மாட்டிவிட்டது மாமியாரின் கோட்டு. மூவரும் சிரித்தார்கள். அவனுக்கு இன்னொரு சாட்சி இருந்தால் இப்போதே விசாரிக்கலாம் போலிருந்தது.

மூத்த மகள் அச்சகத்துக்குப் போகவேண்டும் என்று அட்டையை எடுத்தாள். அவன் அதை வாங்கி, 'இயேசு, மரி, சூசை' மேல் கோடு போட்டான். அம்மா அப்படிச் சொல்லவில்லை என்றான். பையன் நல்லா இருக்கானா என்று கேட்டதைச் சொன்னான். கிழவியின் மனம் நோகக் கூடாதே என்று, நல்லா இருக்கான் அத்தை என்று தான் பதில் சொன்னதையும் சொன்னான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

சொன்னார். ஜூனியர் குறுக்கே பேசினால் கோர்ட்டில் முறைப்பாரே, அதே முறைப்போடு சொன்னார்.

"நீங்க சொல்லாதீங்க மாப்ளே. அவன் வாயால வரட்டும்."