எட்டாவது பெயர்

ரோஸ் உள்ளே நுழைந்தபோது தச்சருக்கும் எஸ்றாவுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. சவப்பெட்டி நீளம் கூடிப்போய்விட்டதாம்.

"அஞ்சே முக்கால் அடின்னு நீங்கதான சொன்னீய?"

"உசுரோட இருக்கையில அண்ணன் அம்புட்டு உசரம்தாம்வே. காய்ச்சல்ல சுருங்கிப் போவான்னு நான் கண்டேனா?" என்ற எஸ்றா, திரும்பி அவளைப் பார்த்தார். "கோர்ட்டு மக வந்தாச்சா? வா."

இருபத்தொரு வருஷமாக அந்தக் குடும்பத்தில் அவளுக்கு அதுதான் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அங்கே யாரும் வாயில் எடுத்ததில்லை. சாத்தான்குளம் பள்ளிக்கூடத்துக்குத் தந்தி வந்ததும் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் உட்கார வைத்துவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். வழியில் நாசரேத்தில் இறங்கிச் சொன்னபோது அம்மா தையல் மிஷினை விட்டு எழவில்லை. "நீ போயிட்டு வா" என்றதோடு சரி.

கூடத்தில் அவள் அப்பா ஜேசுபாதத்தைக் கிடத்தியிருந்தார்கள். அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. அழ வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் கண்கள் ஜாடை தேடின. மூக்கு, காது மடல், நகம் என்று வெட்கமில்லாமல் தேடினாள்.

"நெத்தி அப்படியே அவுகதான்" என்றாள் எஸ்றாவின் மனைவி கிரேசி, இரக்கப்பட்டு. ரோஸுக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

தோணியில் சரக்குக்குக் காவலாகக் கொழும்பு போய்வரும் குமாஸ்தா அவர். அம்மா ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனபோது, பிள்ளை தன்னுடையது இல்லை, அது உண்டான மாதங்களில் தான் ஊரிலேயே இல்லை என்று சொன்னார். ஆனால் அந்தச் சமயம் தோணி தூத்துக்குடிக்கு வந்தபோது துறைமுகத்தில் கொடுத்த ஆள் பட்டியலில் எட்டாவதாக அவர் பெயர் இருந்தது. ஊரில் இருந்திருக்கிறார், கல்யாண பந்தத்தில் பிறந்த பிள்ளை புருஷனுடையதுதான் என்று தீர்ப்பானது. பதினெட்டு வயது முடியும்வரை மாதம் இருபத்தைந்து ரூபாய். வயது முடிந்தும் மணியார்டர் நிற்கவில்லை. மனசாட்சி குத்துகிறது போலும் என்று ரோஸ் நினைத்துக்கொண்டாள்.

எஸ்றாவிடம் நேரே போனாள். "மொத மண்ணு நான்தான் போடுவேன், சித்தப்பா."

"ஏன், நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேம்லா?"

"நான் மக."

"சட்டம் சொல்லுது. ரெத்தம் சொல்லணும்லா."

அவள் பைக்குள் தீர்ப்பு நகல் இருந்தது. போதகர் நாலு மணிக்கு வரட்டும், அவர் முன்னால் விரித்து வைக்கிறேன் என்று வாசல் பந்தலில் வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்துப் பெஞ்சில் கண்புரை விழுந்த ஒரு கிழவர் இருந்தார். கயத்தான் பர்னாந்து. ஜேசுபாதம் போய்வந்த தோணியை ஓட்டிய தண்டல்.

"ஆஸ்பத்திரி நர்சுப் பிள்ளையா தாயி?" என்றார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"நல்ல மனுசன். நாந்தான் கெடுத்தேன். அந்தத் தடவ அவருக்கு டைபாய்டு. கொழும்புல சரக்குக் கிட்டங்கியிலயே விட்டுட்டு ஏழு பேராத்தான் கரைக்கு வந்தோம். நான் பழைய பட்டியலப் பாத்து அப்படியே எட்டுப் பேரு எழுதிக் குடுத்துட்டேன். எப்பவும் அப்படித்தான் எழுதுறது. யாரு தலைய எண்ணுதா? ஏழு மாசம் கழிச்சு அவரு வாராரு, வீட்டுல பொண்டாட்டி மூணு மாசமா முழுகாம இருக்கா."

ரோஸ் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல வாயத் தொறந்தா என் லைசென்சு போயிரும். பேசாம இருந்துட்டேன். பொறவு மனசு கேக்கல. மேல்கோர்ட்டுக்குப் போங்க, வந்து சொல்லுதேன்னேன். வேண்டாம்னுட்டாரு. தீர்ப்பு அன்னைக்கி கோர்ட்டு வராந்தாவுல அந்தப் பிள்ள தத்தித் தத்தி வந்து அவரு வேட்டியப் பிடிச்சிட்டாம். 'அதுவே எங்கிட்ட வந்துட்டு, விடுங்க அண்ணாச்சி'ன்னாரு."

கிழவர் மூக்கைச் சிந்தினார். ரோஸ் எழுந்து தண்ணீர்ப் பானை வரை போய், குடிக்காமல் நின்றாள். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தன்னை மறுத்த அப்பா என்று ஒருவராவது இருந்தார். இப்போது மறுப்பதற்குக்கூட ஆள் இல்லை. யாருமற்றவள் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று தோன்றியது. போதகர் வந்தபோதும் பையைத் திறக்கவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும் போதகர் நிமிர்ந்தார். "பிள்ளைகள் யாராவது முதல் மண் போடலாம்."

எஸ்றா சண்டைக்குத் தயாராக அவளைத் தேடினார். அவள் பெண்களுக்கெல்லாம் பின்னால், சுவரோரம் நின்றிருந்தாள்.

"யாரும் இல்லையா?" என்றார் போதகர்.

எஸ்றா குனிந்து ஒரு பிடி எடுத்தார். எடுத்தவர் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மண்ணைக் கீழே உதறிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"ஏளா, வா. நேத்து விடியக்காலம் அண்ணன் சொல்லிட்டுத்தான் போனான். மொத மண்ணு எம் மக போடட்டும்னு. நாந்தான் மறச்சேன். பொறுக்கல எனக்கு."

"வேண்டாம் சித்தப்பா. எனக்கு எல்லாம் தெரிஞ்சிட்டு."

"அவனுக்குத் தெரியாததா? வந்து போடு."

கடற்கரை மண். அள்ளியதும் விரலிடுக்கு வழியாக ஓடியது. குழி ஓரத்துக்கு வருவதற்குள் கை காலியாகிவிட்டது. ரோஸ் திரும்பிப் போய், இந்த முறை இரண்டு கையாலும் அள்ளினாள். போதகர் ஜெபத்தைத் தொடங்காமல் காத்திருந்தார்.