சத்தம் நூறில்

டிவியில் சத்தம் போதவில்லை என்று தையல்காரி கூப்பிட்ட மூன்றாவது மெக்கானிக் இவர். முதல் இருவரும் செய்தி சேனலைப் போட்டுக்காட்டி, "நல்லாத்தானே கத்துது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். அவள் கணவர் தன் பங்குக்கு நீளமான ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவந்து டிவிக்குக் கீழே வைத்தார். அதிலும் செய்தி வாசிப்பவர்தான் கூரை அதிரக் கத்தினார்.

"செய்தி எனக்கெதுக்கு தம்பி? இது கேக்கணும்" என்று அவள் பென் டிரைவைச் செருகினாள்.

திரையில் அவள் மகள். நீலக் கவுன், தோளில் பை. கழுத்துக்கு மேல் படத்தில் இல்லை. யாருக்குத் தைத்தாலும் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு போனில் படம் பிடித்து, கீழ்மடிப்பு சமமாக விழுகிறதா என்று பார்ப்பது தையல்காரியின் வழக்கம். பெற்ற மகளையும் விடவில்லை. மகள் சுற்றினாள், கதவைத் திறந்தாள், திரும்பி நின்று என்னவோ சொன்னாள். அன்று அவள் ஏறிய பேருந்து வேலையிடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வருடமாகிறது.

சத்தம் நூறில் இருந்தது. 'டக், டக்' என்ற ஒலிதான் பெரிதாகக் கேட்டது. அதற்கடியில் ஒரு முனகல்.

"வயர் லூசு தம்பி. அதான் டக் டக்குங்குது. போன்ல சுத்தமா கேக்காது, இதுலதான் இந்த அளவாவது கேக்குது. அதை மட்டும் சரி பண்ணிட்டீங்கன்னா போதும்."

மெக்கானிக் பொறுமைசாலி. வயர்களை மாற்றிப் போட்டார், செட்டிங் எல்லாம் பார்த்தார், ஹெட்போனில் ஐந்து தடவை கேட்டார். பிறகு அவர் பார்வை அவள் வலது கையில் நின்றது.

"அக்கா, அன்னைக்கு போனை எப்படிப் பிடிச்சீங்களோ அப்படியே பிடிச்சு என்னை எடுங்க."

அவள் போனைப் படுக்கவைத்து இரு கையாலும் பிடித்தாள். ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டும் இரும்புக் குப்பி போனின் விளிம்பில் உட்கார்ந்தது. தூங்கும்போதும் அதைக் கழற்றமாட்டாள் என்று கணவர் கேலி செய்வார். மெக்கானிக் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினார். அதை டிவியில் போட்டார்.

டக், டக். எண்களைக் காணோம்.

"மைக் ஓட்டை இங்க இருக்குக்கா" என்று அவர் குப்பிக்கு அடியில் சுட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சத்தம் ஏத்தினா?"

"பதிவாகாததை எப்படிக்கா ஏத்த முடியும்?"

அவள் மகளின் படத்தை மறுபடி ஓடவிட்டாள். மகள் சொன்னபோது எதிரில் நின்றவள் அவள்தான். அவள் கண் கவுனின் கீழ்மடிப்பிலேயே இருந்தது. 'ம், ம், சரி, போ' என்று தான் தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது. திரையில் அந்த மடிப்பு, ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லாமல், அப்படியே நின்றது.

மெக்கானிக் சத்தத்தை இருபதுக்கு இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கணவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டார். "கோளாறைக் கண்டுபிடிச்சாரா?"

"கண்டுபிடிச்சிட்டாரு."

"எதுல?"

அவள் குப்பியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.