மறுபடியும் துடைத்த கை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான். புதுச்சத்திரத்தில் ஒரு பேக்கரி வாசலில் சேலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியாமத்தானுங்க பாஸ்டர், இத்தன வருசமா ஊருக்கெல்லாம் வெளிச்சங் காட்டிட்டு இருந்திருக்கறேன்" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம் நான் கட்டியது. அவருக்குப் பூபதி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

'பூபதி அன்று காலை எழுந்தபோதே மனசு என்னவோ…'

(வேண்டாம். வாழ்க்கை புரளப்போகிற நாளில் யாருடைய மனசும் முன்கூட்டிச் சொல்வதில்லை.)

'கிறிஸ்துவின் ஒளி ஒரு கோழிப்பண்ணைக்குள் எப்படி…'

(இது பஸ் ஸ்டாண்டில் விநியோகிக்கும் துண்டுப்பிரசுரம்.)

நேராகவே சொல்கிறேன். பூபதிக்குப் புதுச்சத்திரத்தை அடுத்துக் கோழிப்பண்ணை. கல்யாணத்துக்குப் பிறகு, ஒரு நீண்ட காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்தபோது கிறிஸ்தவரானவர். மனைவி அமுதவல்லி அவர் பின்னாலேயே வந்தார். ஊரில் ஓடு வேய்ந்த சிறிய சபை ஒன்று இருக்கிறது. அங்கே பூபதி மூப்பர். திருவிருந்து நாளில் திராட்சரசக் கிண்ணத்தைப் பிடித்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பது அவர் பொறுப்பு. நன்றாக ஜெபிப்பார். அவர் ஜெபத்தில் வரும் தமிழைக் கேட்டுப் போதகர் பிரபாகரே கண்மூடித் தலையசைப்பார்.

பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள் ஆராயி. கிழக்கே காலனியில் வீடு. புருஷன் செத்த வருஷம், ஷெட்டுக்குள் பூபதி வாய்விட்டு ஜெபிப்பதைக் கேட்டுக் கூடையோடு நின்றுவிட்டாள்.

"ஏனுங்க சாமி, அந்த ஆண்டவரு எங்க பேச்சுக்கும் காது குடுப்பாருங்களா?"

"அவருக்கு எல்லாரும் ஒண்ணுதான் ஆராயி."

மனமாரச் சொன்னார். அதில் பொய் இல்லை. அன்றைக்கும் டீ நேரம் வந்தது. தண்ணித்தொட்டிச் சுவர்மேல் தனியே கவிழ்த்திருந்த டம்ளரை ஆராயி எடுத்து நீட்டினாள். அமுதவல்லி விளிம்பில் படாமல் உயரத் தூக்கி ஊற்றினார். குடித்து, கழுவி, கவிழ்த்துவிட்டுப் போனாள். பூபதி அதைத் தினமும் பார்க்கிறவர். பார்த்தாரா என்பதுதான் இந்தக் கதை.

3

ஆராயி ஞானஸ்நானம் எடுத்தாள். காலனியிலிருந்து சபைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அடுத்து வந்த திருவிருந்தில் வரிசையின் கடைசியில் மண்டியிட்டிருந்தாள். பூபதி கிண்ணத்தை நீட்டினார். ஆராயி கையை நீட்டப்போய் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேற டம்ளருங்களா, சாமி?"

கேலியில்லை, குற்றச்சாட்டில்லை. முறை தெரியாதவள் முறையைக் கேட்டாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதேதான் ஆராயி. குடி."

குடித்தாள். ஒவ்வொருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைப்பது வழக்கம். கடைசியில் குடிக்க வேண்டியவர் மூப்பர். பூபதி துடைத்தார். துடைத்த கை நிற்கவில்லை. அவர் ஒன்றும் நினைக்காதபோதே, துணியைத் திருப்பிப் பிடித்து அந்த இடத்தை மறுபடியும் துடைத்தது, அழுத்தி. தன் கையை யாரோ ஒருவருடைய கையைப் போலப் பார்த்தார் பூபதி. நிமிர்ந்தார். ஆராயியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தார்.

4

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். குருடனுக்குப் பார்வை வந்தது, ஆமென். என்னுடைய முதல் பிரதி அப்படித்தான் முடிந்தது. படித்துப் பார்த்தால் ஒட்டவில்லை. ஒரு மனிதன் தன்னைப் பார்த்துவிட்டால், அடுத்த காரியமாக அந்தப் பார்வையை எல்லோருக்கும் காட்டத்தான் ஓடுவான். பூபதியும் ஓடினார்.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றார். டம்ளரைச் சொன்னார், துணியைச் சொன்னார், ஆராயி பெயரையும் சொன்னார். குரல் உடைந்து அழுதார். சபை முழுக்க அல்லேலூயா. போதகர் இறங்கி வந்து கட்டிக்கொண்டார். பாதியிலேயே ஆராயி எழுந்து வெளியே போனதை யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் அவள் பண்ணைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

[ஒரு குறிப்பு: இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். பூபதிக்கு 'அவர்'. அமுதவல்லிக்கு 'அவர்'. ஆராயிக்கு 'அவள்'. யாரும் சொல்லாமல் என் பேனா பிரித்து வைத்திருக்கிறது. மேலே இருப்பதைத் திருத்தவில்லை, தெரியட்டும். இனி அவர்.]

5

பூபதிக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பொருமினார்.

"நான் இவ்வளவு எறங்கி வந்தும் அவளுக்கு என்ன வீம்பு பாரு."

அமுதவல்லிக்கு இந்த விவகாரமே பிடிக்கவில்லை. பழையபடி அந்தத் தனி டம்ளரிலேயே ஊற்றினால் என்ன தப்பு என்பது அவர் கட்சி. கிண்டலாகத்தான் கேட்டார்.

"எங்கிருந்துங்க எறங்குனீங்க?"

பூபதி வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

எங்கிருந்து? கிண்ணத்தைத் துடைத்தபோது அவருக்குத் தெரிந்தது கை மட்டும்தான். இப்போது தெரிந்தது, தான் நின்றுகொண்டிருந்த உயரம். அழுததுகூட அந்த உயரத்தில் நின்றபடிதான். சபையார் அண்ணாந்து பார்க்க அழுதிருக்கிறார்.

எழுந்து முட்டை அறைக்குப் போனார். அடுக்கிவைத்த அட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டார். எப்போதும் ஊற்றாய் வருகிற ஜெபத்தமிழ் வரவில்லை. 'சர்வவல்லமையுள்ள' என்று தொடங்கி அதோடு நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து, பண்ணையில் பேசுகிற பேச்சிலேயே வந்தது.

"ஆண்டவரே, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. நீங்கதான் கண்ணக் குடுக்கோணும்."

நல்ல ஜெபம் ஜெபித்தோம் என்ற நிறைவில்லாமல் அவர் எழுந்தது அதுதான் முதல் முறை. போதகருக்குப் போன் போட்டு, "கிண்ணத்த இனி வேற யாராச்சும் புடிக்கட்டுங்க" என்றார். காரணத்தை விளக்கப்போய், வார்த்தை போதாது என்று நிறுத்திக்கொண்டார்.

6

காலனிக்கு நடந்தே போனார். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. எந்த வீடு என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்ட இடத்திலெல்லாம் பேச்சு நின்றது.

ஆராயி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார், எழவில்லை.

"உங்களப் பாக்கத்தானுங்க வந்தேன்" என்றார் பூபதி.

அந்த 'ங்க' ஆராயியின் கையை நிறுத்தியது.

"இதென்னுங்க புதுசா, வாங்க போங்கன்னு?"

"முன்னயே சொல்லியிருக்கோணுங்க."

ஆராயி துணியைப் பிழிந்து கல்மேல் வைத்தார்.

"அன்னிக்கு நீங்க அழுத்தித் தொடச்சதப் பாத்தனுங்க. அதக்கூட நான் தாங்கிக்கிட்டேன். காலங்காலமாப் பாத்ததுதானுங்களே. ஆனா நீங்க எந்திரிச்சு நின்னு அழுதீங்க பாருங்க, அப்ப மொத்த சபையும் என்னையத் திரும்பிப் பாத்துச்சு. ஞானஸ்நானம் எடுத்த ஆராயின்னு பாக்கல. டம்ளருக்காரின்னு பாத்துச்சு. உங்க பாவத்தச் சொல்ல என்ற பேரு எதுக்குங்க?"

பூபதிக்குப் பதில் இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்பது அந்தப் பதில். அதை விழுங்கினார்.

"தப்புங்க. ரெண்டுமே தப்புங்க. மன்னிச்சிருங்க."

"ஆண்டவருகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"சொன்னனுங்க."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. இங்க வாரவரைக்கும் சொல்லமாட்டாருன்னு பட்டுச்சு."

ஆராயி எழுந்தார்.

"நான் சபைக்கு உங்களுக்காக வரலீங்க. உங்களால நின்னுரவும் மாட்டேன். ஞாயித்துக்கெழம வாரேன். பண்ணைக்கு வரமாட்டேன். மன்னிக்கறது…" என்று நிறுத்தினார். "அது நானும் ஆண்டவரும் பேசோணும். நில்லுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஆராயி கண்ணீரோடு வெளியே வந்து மன்னித்தார். எழுதும்போதே எனக்கு இனித்தது. இனித்ததால் கிழித்தேன். ஒன்றில் கதவு திறக்கவேயில்லை. அது நியாயத்தைப் போலத் தெரிந்தது. ஆனால் உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்த ஒருவரை வெறும் தண்டனையாக்கிவிட்டது. மூன்றாவதில் பூபதி காத்திருக்காமல் திரும்பிப் போனார். இந்த மனிதர் இப்போது அதைச் செய்யமாட்டார்.

பேக்கரி வாசலில் என் காதில் விழுந்தது பூபதியின் குரல் மட்டும்தான். ஆராயி பேசி நான் கேட்டதில்லை. அவர் வாயில் நான் கோபத்தை வைத்தேன், அதற்கு நியாயம் இருந்தது. மன்னிப்பை வைக்க எனக்கு உரிமையில்லை. கேட்கத்தான் பூபதியால் முடியும். எழுத என்னால் முடியாது.

அதனால் இப்படியே விடுகிறேன். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஆட்கள் கூடி அவரைப் பார்க்கிறார்கள். ஒரு பெண்மணி நிழலுக்கு வரச் சொல்கிறார். பூபதி கைகூப்பி மறுத்து, சாத்திய கதவின் முன்னால் அப்படியே நிற்கிறார். உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது, தாழ்ந்த குரல். சொற்கள் பிடிபடவில்லை. யாரிடம் பேசுகிறார் என்பது மட்டும் பூபதிக்குத் தெரியும்.

அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல நான் மாட்டேன். உங்களுக்குத் தோன்றினால், நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள்.